பென்சில் இல்லாத பென்சில் படம்

ரொம்ப நாளா எழுதணும்னு ஒதுக்கி வெச்சிருந்த விஷயம் இது. போட்டோவைப் பென்சில் ஸ்கெட்ச் மாதிரி மாத்துற வித்தை. 2000-களில் போட்டோஷாப்போ கிம்ப்போ கத்துக்கிட்ட ஆளுங்க எல்லாரும் முதல் வாரத்திலேயே செஞ்சு பார்த்து, நாலு பேருக்குக் காட்டிப் பெருமைப்பட்ட வேலை. இப்ப மொபைல்ல ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது. எங்க மண்ணாடிப்பட்டு கொம்யூன் பக்கம் கல்யாண பேனர்ல மாப்பிள்ளை பொண்ணு, கண்ணீர் அஞ்சலி பேனர்ல தாத்தா ஆயா, எல்லாரும் பென்சில் படமா நிக்கிறதைப் பார்க்கலாம்.

எப்படிப் பண்றதுன்னு சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்காங்க. இது எங்கிருந்து வந்துச்சு, உள்ளே என்ன நடக்குதுங்கிறதுதான் இன்னிக்குப் பேச்சு. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கணக்கு, கடைசியில கொஞ்சம் வாக்குவாதம்.

ஒரே சண்டையில் போன ரெண்டு பொருள்

முதல்ல பென்சிலைப் பார்ப்போம். அந்தக் காலத்துல நல்ல கிராஃபைட் இங்கிலாந்துச் சுரங்கத்துலேர்ந்துதான் வரும். பிரெஞ்சுப் புரட்சிக்கு அப்புறம் 1793-ல் ரெண்டு நாட்டுக்கும் சண்டை மூண்டதும் பிரான்சுக்கு அந்தச் சரக்கு நின்னு போச்சு. கையில இருந்த மட்டமான கிராஃபைட்டைப் பொடியாக்கி, களிமண் சேர்த்துப் பிசைந்து, சூளையில் சுட்டுக் குச்சியாக்கினார் நிக்கோலா ஜாக் கோந்தே. 1795-ல் அதுக்கு உரிமையும் வாங்கிட்டார். களிமண் கூடினா கெட்டி, குறைஞ்சா மெது. இன்னிக்கு நாம கடையில ஹெச்பி, டூ பி, ஃபோர் ஹெச்னு கேட்டு வாங்குற பென்சிலுக்கெல்லாம் அடிப்படை அந்தக் கலவைதான்.

இதுல என்ன கூத்துன்னா, அதே சண்டையில, அதே 1793-ல், இங்கிலீஷ்காரன் பாண்டிச்சேரியையும் பிடிச்சுக்கிட்டான். பிரெஞ்சுக்காரன் கைக்கு ஊர் திரும்ப வந்தது 1816-ல். கிராஃபைட்டும் பாண்டியும் ஒரே வருஷத்துல அவங்க கையை விட்டுப் போயிருக்கு! கிராஃபைட்டுக்கு ரெண்டே வருஷத்துல மாற்று கண்டுபிடிச்சுட்டாங்க. பாண்டிக்கு இருபத்துமூணு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

வரையத் தெரியாதவர் செய்த காரியம்

அடுத்தது போட்டோ. 1833-ல் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்கிற இங்கிலாந்துக்காரர் மனைவியோட இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் இருந்தார். எதிரே அருமையான காட்சி. கையில கேமரா லூசிடா, அதாவது காட்சியைக் காகிதத்து மேல விழுற மாதிரி காட்டும் ஒரு பட்டகக் கண்ணாடி. அதைப் பார்த்து அப்படியே பென்சிலால் இழுத்தால் போதும். மனுஷனுக்கு அதுவும் வரலை. கண்ணாடியை எடுத்துட்டுப் பார்த்தா காகிதத்துல கிறுக்கல்தான் மிஞ்சியிருந்தது. இந்தப் பிம்பம் தானாகவே காகிதத்துல பதிஞ்சு நின்னுட்டா எப்படி இருக்கும்னு அங்கே தோணினதுதான் நெகட்டிவ்-பாசிட்டிவ் போட்டோகிராஃபிக்கு விதை.

1839-ல் பிரான்சில் தாகேர் முந்திக்கொண்டு தன் முறையை அறிவிச்சது வேற கதை. ஆனா ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேணும்னாலும் எடுக்கலாம் என்பது டால்பட் வழி. 1844 முதல் 1846 வரை அவர் பகுதி பகுதியா வெளியிட்ட புகைப்படப் புத்தகத்துக்கு என்ன பேர் வெச்சார் தெரியுமா? இயற்கையின் பென்சில்!

ஆக, வரையத் தெரியாத ஒருத்தர் பென்சிலுக்குப் பதிலா கண்டுபிடிச்சதுதான் போட்டோ. கிட்டத்தட்ட இருநூறு வருஷம் கழிச்சு, அதே மாதிரி வரையத் தெரியாத நாம போட்டோவைத் திரும்பப் பென்சில் படமாக்கிட்டு இருக்கோம் :-)

நெகட்டிவ் மேல நிஜப் பென்சில்

நம்ம ஊருக்கு வருவோம். 1856-ல் சென்னையில் மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டி தொடங்கியாச்சு. 1857, 58-ல் லின்னேயஸ் டிரைப் என்கிற ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம்னு சுத்திப் பெரிய பெரிய காகித நெகட்டிவ்ல படம் எடுத்தார். அந்தக் கால ரசாயனத்துக்கு வானம் வெறும் வெள்ளையாத்தான் விழும். டிரைப் நெகட்டிவ் மேலேயே நிறப்பொடி தடவி மேகம் வரைவார். படத்துல கை வைக்கிறது ஏதோ கம்ப்யூட்டர் வந்து கெடுத்த பழக்கம்னு நெனைக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

அப்புறம் கண்ணாடி பிளேட் வந்துச்சு, ஊர் ஊரா ஸ்டூடியோ வந்துச்சு. கூடவே ஒரு தனித் தொழிலும் வந்துச்சு: டச்சிங். சாய்வு மேசையில ஒரு ஓட்டை, அது மேல நெகட்டிவ், கீழேர்ந்து வெளிச்சம். நெகட்டிவ் வழவழன்னு இருக்கும், பென்சில் பிடிக்காது. அதனால பிசின் கலந்த ஒரு மருந்தைத் தடவிக் காய வைப்பாங்க. பிறகு கெட்டிப் பென்சிலை உப்புத்தாள்ல தேய்ச்சு ஊசி மாதிரி ஆக்கி, புள்ளி புள்ளியா, சின்னச் சின்னக் கமா மாதிரி வெச்சுக்கிட்டே போவாங்க.

நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழ். முகத்துல இருக்கிற சுருக்கம், கண்ணுக்குக் கீழே கருவளையம், அம்மைத் தழும்பு எல்லாம் அங்கே தெளிவான கோடா இருக்கும். அது வழியா வெளிச்சம் நிறைய போய், பிரிண்ட்ல கறுப்பா விழும். அந்த இடத்துல பென்சில் கரியை வெச்சா வெளிச்சம் தடைபடும், பிரிண்ட்ல வெளுக்கும். கறுப்புப் பென்சிலை வெச்சு முகத்தை வெளுப்பாக்கின தொழில் இது! அதே மாதிரி, வெளிறிப்போன இடம் கறுக்கணும்னா மெல்லிய கத்தியால நெகட்டிவைச் சுரண்டணும். கை ஒரு மயிரிழை தவறினா பிளேட் போச்சு.

இதெல்லாம் ஆஃப் பிளேட், குவார்ட்டர் பிளேட் மாதிரி பெரிய நெகட்டிவ்லதான் நடக்கும். 35 எம்எம் ஃபிலிம்ல ஒரு முகம் மிளகு அளவுதான் இருக்கும், அதுல எந்தப் பென்சிலை வைக்கிறது? சின்ன ஃபிலிமும் கலர் லேபும் பரவப் பரவ டச்சிங் மேசைகள் பரணுக்குப் போயிடுச்சு.

புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் இருக்கிற பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கு. தமிழ்நாட்டு, புதுச்சேரி ஸ்டூடியோக்கள்ல கிடந்த பழைய பிரிண்ட், கண்ணாடி நெகட்டிவ்களைத் தேடிப்பிடித்து, பிரிட்டிஷ் நூலகத்தோட ஆவணப் பாதுகாப்புத் திட்ட உதவியோட டிஜிட்டல் ஆக்கினாங்க. பழைய பேப்பர்காரருக்கும் கண்ணாடி வியாபாரிக்கும் போயிருக்க வேண்டிய முகங்கள் இவை. ரசாயனத்தைக் கழுவிட்டா நெகட்டிவ் பிளேட் சாதாரண ஜன்னல் கண்ணாடிதானே. உலகம் முழுக்க அப்படிக் கழுவப்பட்ட முகங்களுக்குக் கணக்கே கிடையாது.

எங்க கொம்யூன்ல திருக்கனூர் இருக்கு. அந்த ஊர்க் காகிதக்கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடு உண்டு. வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கும் உண்டு. ரெண்டும் கைவேலைன்னு எல்லாருக்கும் தெரியும். டச்சிங்கும் கைவேலைதான். ஆனா கை பட்டதே தெரியக்கூடாது என்பதுதான் அந்த வேலைக்கு இலக்கணம். நல்லா செஞ்சவரோட வேலை யார் கண்ணுக்கும் படலை, அதனால பேரும் நிக்கலை.

இருட்டறையிலேயே ஸ்கெட்ச்

சரி, பென்சில் எஃபெக்ட் கம்ப்யூட்டரோட பிறந்ததா? அதுவும் இல்லை. கோடாக் கம்பெனி டோன்-லைன்னு ஒரு முறை வெச்சிருந்தது. ஒரு நெகட்டிவ், அதே படத்தோட பாசிட்டிவ் ஃபிலிம், ரெண்டையும் முதுகோட முதுகு ஒட்டிவைக்கணும். ஒண்ணுல கறுப்பா இருக்கிற இடம் இன்னொண்ணுல தெளிவா இருக்கும். ரெண்டும் சேர்ந்தா எல்லா இடமும் ஒரே சாம்பல். நேரா வெளிச்சம் அடிச்சா ஒண்ணும் தெரியாது. ஆனா வெளிச்சத்தைச் சாய்வா அடிச்சு, ஃபிலிமைச் சுழலும் தட்டு மேல வெச்சுச் சுத்தினா, ரெண்டு ஃபிலிமுக்கும் நடுவுல இருக்கிற அந்த மெல்லிய தடிமன் வழியா, வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற ஓரங்கள்ல மட்டும் ஒளி கசியும். அந்தக் கசிவு பதிஞ்சா கோட்டுப்படம்!

கையால் செய்தவர்களும் இருந்தாங்க. 1985-ல் வந்த ஆ-ஹா குழுவோட 'டேக் ஆன் மீ' வீடியோ ஞாபகம் இருக்கா? பென்சில் ஆள் ஒருத்தர் காமிக்ஸ் புத்தகத்துலேர்ந்து கையை நீட்டுவாரே. ஃபிலிம்ல எடுத்ததை ஒவ்வொரு சட்டமாப் பார்த்து, சுமார் 3000 படங்களைக் கையாலேயே வரைஞ்சாங்க.

1990-ல் போட்டோஷாப் வந்தது. அதன் 3-ம் பதிப்போட 1994-ல் லேயர் வசதி வந்தது. 1996-ல் இலவச கிம்ப் வெளியாச்சு. ஒரு படத்து மேல இன்னொரு படத்தை வெச்சு ரெண்டையும் கலக்க வழி கிடைச்சதும், இருட்டறையில செஞ்ச அந்த ஃபிலிம் வித்தை மேசைக்கு வந்துடுச்சு. நாம போடுற 'டாட்ஜ்' என்ற மோட் பேரே இருட்டறைப் பேச்சுதான். என்லார்ஜர் வெளிச்சத்தைக் கையாலயோ அட்டையாலயோ மறைச்சு, அந்த இடத்தை மட்டும் வெளுக்க வைக்கிறதுக்கு டாட்ஜிங்னு பேர்.

உள்ளே நடக்கிற கணக்கு

வழக்கமான செய்முறையை ஒருதரம் சொல்லிடறேன்.

1. படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கு.
2. லேயரை ஒரு பிரதி எடு.
3. பிரதியை இன்வர்ட் பண்ணு, நெகட்டிவ் மாதிரி ஆகும்.
4. அதுக்கு காஸியன் பிளர் போடு.
5. மோடை கலர் டாட்ஜ்னு மாத்து. முடிஞ்சுது!

கணக்குப் பிடிக்காதவங்க பயப்படாதீங்க, வெறும் வகுத்தல்தான். டாட்ஜ் என்ன செய்யுதுன்னா, கீழே இருக்கிற புள்ளியை, மேலே இருக்கிற புள்ளியோட தலைகீழால வகுக்குது. மேலே இருப்பதே தலைகீழாக்கின படம். தலைகீழுக்குத் தலைகீழ் நேர். ஆக, கீழ்ப் படத்தை அதோட மங்கலான பிரதியால வகுக்கிறோம். ஒரு புள்ளியை அதோட அக்கம்பக்கத்துச் சராசரியால வகுக்கிறதுன்னும் சொல்லலாம். இவ்வளவுதான் ரகசியம்.

கறுப்பு 0, வெள்ளை 255. ஒரு கன்னத்துல புள்ளி 80, சுத்தியும் 80. 80-ஐ 80-ஆல வகுத்தா 1, அதாவது முழு வெள்ளை. பக்கத்துல புருவம், அந்தப் புள்ளி 40, சுத்துவட்டாரச் சராசரி 80. விடை அரை, அதாவது நடுத்தரச் சாம்பல். அங்கே பென்சில் கோடு வந்தாச்சு. பிளர் குறைச்சலா இருந்தா அக்கம்பக்கம் சின்னது, கோடு மயிரிழையா வரும். பிளரைக் கூட்டினா அக்கம்பக்கம் பெரிசாகும், நிழல் இழைச்ச மாதிரி மெதுவா வரும். ஸ்கெட்ச் மிருதுவா வேணும்னு சொல்றவங்க எல்லாரும் உண்மையில கேட்கிறது இந்தப் பிளரைத்தான்.

மெஷின் ஒண்ணும் வரையலை. எங்கே மாற்றம் இருக்கோ அதை மட்டும் விட்டுட்டு, மாறாத இடத்தையெல்லாம் அழிக்குது.

இனிமே வாக்குவாதம்

அந்த 80 கன்னத்தை மறுபடி பாருங்க. அது மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடுதலான கறுப்பு முகம். இன்னொருத்தர் கன்னம் 200, நல்ல வெளுப்பு. 200-ஐ 200-ஆல வகுத்தாலும் 1 தான். ரெண்டு பேரும் வெள்ளைத்தாள்!

அதாவது, இந்த எஃபெக்ட் போட்ட அடுத்த நொடி மனுஷனோட நிறம் காணாமப் போயிடுது. வயல்ல வெயில்ல காய்ஞ்ச ஆயாவும், ஏசி ரூம்ல உட்கார்ந்த மேனேஜரும் ஒரே நிறம். சிலர் இது நல்லதுதானே, சமத்துவம்தானேன்னு சொல்லலாம். சுவரும் வெள்ளை, சட்டையும் வெள்ளை, முகமும் வெள்ளைங்கிறதால யாரையும் தனியா வெளுக்கலைன்னும் சொல்லலாம். எனக்கு அப்படித் தோணலை. எல்லாரும் சமம்னு காட்ட எல்லாரையும் வெளுப்பாக்கணுமா என்ன?

பழைய டச்சிங்காரரும் முகத்தை வெளுத்தாரேன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா அதுல பாதி ரசாயனத்தோட குத்தம். ஆரம்பகால பிளேட்டுகளுக்கு நீலம் நல்லாத் தெரியும், சிவப்பு தெரியாது. நம்ம தோல்ல இருக்கிற செம்பழுப்பு அதுக்கு இருட்டு. கண்ணுக்குத் தெரியிறதை விடக் கறுப்பாத்தான் தமிழ் முகம் பிளேட்ல விழுந்தது. எல்லா நிறத்தையும் பார்க்கிற பான்குரோமாட்டிக் பிளேட் 1906-லேயே லண்டன் பக்கத்துல விற்பனைக்கு வந்தாலும், அது ஊருக்கு ஊர் வழக்கமாகப் பல வருஷம் ஆச்சு. அதுவரை டச்சிங்காரர் பென்சில் வெச்சது ஒரு திருத்தம். மீதிப் பாதி? பொண்ணு பார்க்க அனுப்புற படத்துல 'கொஞ்சம் வெளுப்பா வரட்டும்'னு கேட்கிற ஆசை. அதை மறைச்சுப் பேசிப் பிரயோஜனம் இல்லை.

கலர் வந்த பிறகும் கதை மாறலை. லேப்ல நிறம் சரிபார்க்க கோடாக் அனுப்பின அட்டைகளுக்கு 'ஷெர்லி கார்டு'ன்னு பேர். அதுல பல வருஷம் இருந்தது வெள்ளைக்காரப் பெண் படம்தான். அந்தத் தோல் சரியா வந்தா எல்லாம் சரி. பல நிறப் பெண்கள் சேர்ந்து நிக்கிற அட்டை 1990-களில்தான் வந்தது.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. டச்சிங்காரர் எங்கே பென்சில் வைக்கணும், எங்கே விடணும்னு ஒவ்வொரு முகத்துக்கும் முடிவு பண்ணினார். ஓவியர் ஆதிமூலம் 1969-ல் காந்தி நூற்றாண்டுக்காக நூறு காந்திக் கோட்டோவியம் போட்டார். எங்கே கோடு போகணும், எங்கே அறுந்து நிக்கணும்னு அவர் கை தீர்மானிச்சது. விட்டுப்போன இடமும் அவர் வரைஞ்சதுதான். வகுத்தல் கணக்குக்கு அந்தத் தீர்மானம் கிடையாது.

பாரதியாரையே எடுத்துக்குங்க. 1908-லிருந்து 1918 வரை நம்ம புதுச்சேரியில இருந்த மனுஷர். அவரோட போட்டோக்கள் ஒரு கை விரலுக்குள்ள அடங்கிடும். ரா. அ. பத்மநாபன் 1957-ல் கொண்டுவந்த 'சித்திர பாரதி'யில் அவற்றைப் பார்க்கலாம். ஆனா ஜனங்க மனசுல நிக்கிற பாரதி, ஆர்யா என்கிற பாஷ்யம் வரைஞ்ச ஓவியம். அதுலேர்ந்து பிரதி, பிரதிக்குப் பிரதின்னு போய், கடைசியில பள்ளிக்கூடச் சுவர்ல முண்டாசு, மீசை, ரெண்டு கண்ணுன்னு நாலு கோடா நிக்கிறார். ஆள் யாருன்னு குழந்தைக்கும் தெரியுது. ஆனா அந்த மனுஷர் என்ன நிறம்னு அந்தக் கோடுகளைக் கேட்டா பதில் வராது. கோடு உருவத்தை ஞாபகம் வெச்சுக்கும், நிறத்தை மறந்துடும். பாரதிக்குப் பரவாயில்லை, அவரைப் பத்திச் சொல்லப் போட்டோவும் எழுத்தும் இருக்கு. வாக்காளர் அட்டைப் படத்தைத் தவிர வேற படமே இல்லாத ஒரு ஆயாவுக்கு? பேனர்ல வர்ற பென்சில் முகம்தான் பேரப்பிள்ளைங்க ஞாபகத்துல தங்கப் போகுது.

நிறத்தைத் திருப்பிக் கொடுக்க

நல்லவேளையா, வகுத்ததைப் பெருக்கினா திரும்ப வரும். இது நாலாங்கிளாஸ் கணக்கு.

கறுப்பு வெள்ளைப் படத்தை இன்னொரு பிரதி எடுங்க. இதை இன்வர்ட் பண்ணாதீங்க. முன்னே போட்ட அதே அளவு பிளர் மட்டும் போடுங்க. எல்லாத்துக்கும் மேலே வெச்சு மோடை மல்டிப்ளைன்னு மாத்துங்க. ஒப்பாசிட்டி 100 வெச்சா, அநேகமா பழைய போட்டோவே திரும்ப வந்துடும். எதால வகுத்தோமோ அதாலேயே பெருக்கியாச்சே. பூஜ்யம் வெச்சா வெறும் வெள்ளை ஸ்கெட்ச். நடுவுல 30, 40 பக்கம் வெச்சுப் பாருங்க. கோடும் இருக்கும், கன்னத்துல மெதுவா ஒரு நிழலும் இறங்கும். ஆளைத் தெரிஞ்சவங்க பார்த்தா 'ஆமா, அவங்கதான்'னு சொல்லுவாங்க.

அந்த ஒப்பாசிட்டி பட்டை வெறும் அழகுக்கான பட்டை இல்லை. ஒருத்தரோட நிறத்துல எவ்வளவை அவங்களுக்கே திருப்பிக் கொடுக்கிறோம்ங்கிற கணக்கு அது.

மொபைல் ஆப்கள்ல பாதி இதைக் கேட்கிறதே இல்லை. 2012-ல் ஹாங்காங் ஆய்வாளர்கள் கோட்டையும் நிழலையும் தனித்தனியாச் செஞ்சு கடைசியில சேர்க்கிற முறையைச் சொன்னாங்க, அது உருப்படியான வழி. 2016-ல் ப்ரிஸ்மா வந்தது, 2025-ல் எல்லாரும் ஜிப்லி பொம்மையா மாறினோம். இதெல்லாம் வகுத்தல் கணக்கு இல்லை, ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகின மெஷின். என்ன படங்களைப் பார்த்துப் பழகிச்சோ அந்த முகச்சாயல்லதான் நம்மளையும் வரையும். ஷெர்லி அட்டை வேற வேஷத்துல வந்திருக்குன்னு வெச்சுக்குங்க. ஜிப்லி பொம்மைக்கு ஒப்பாசிட்டி பட்டையும் இல்லை.

அதனால பேனர் அடிக்கப் போறவங்க டிசைன் பண்ற தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க: 'தம்பி, எங்க ஆயா கறுப்பு. கறுப்பாவே வரட்டும்.' அவருக்கு அரை நிமிஷ வேலை.

இன்னொண்ணு. உங்க ஊர்ல டச்சிங் மேசையில உட்கார்ந்த பெரியவர் யாராவது இன்னும் இருந்தா, போய்ப் பார்த்து நாலு கேள்வி கேட்டு உங்க பதிவுல எழுதிவைங்க. என்ன பென்சில், எப்படிச் சீவினார், 'வெளுப்பா வரட்டும்'னு கேட்டவங்களுக்கு என்ன பதில் சொன்னார்னு. சாஃப்ட்வேருக்கு உதவிக் குறிப்பு இருக்கு. அவங்களுக்கு அவங்க வாய்ப்பேச்சுதான் இருக்கு.